இல்லாமைக்கு வீரப்பட்டம் கட்டாதீர்கள்

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பும் தமிழ்ப் பிள்ளைகளின் காதில் ஓயாமல் விழும் வாதம் ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் சொல்கிறார்கள், கோயில் திருவிழாவில் சொல்கிறார்கள், பசியாறும் கடையில் சொல்கிறார்கள். தோட்டத்துத் தாத்தா பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு இரும்புச் சைக்கிளில் மைல் கணக்காக மிதித்தாராம். அவருக்கு ஹெல்மெட் இல்லை, இறுக்கமான கால்சட்டை இல்லை, சட்டைப்பையில் மாவுச்சத்து ஜெல் இல்லை. அவருக்குத் தேவைப்படாதது பேரனுக்கு எதற்கு, எல்லாம் பகட்டு என்று வாதம் முடிகிறது.

கேட்கப் பெருமையாக இருக்கும் இந்தப் பேச்சு தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒருசேரச் செய்யும் அநியாயம். தாத்தா பட்ட பாட்டுக்கு அது பூச்சூட்டுகிறது. பேரன் படவேண்டாத பாட்டை அவன் தலையில் கட்டுகிறது.

தாத்தாவின் சைக்கிளையே முதலில் எடுத்துக்கொள்வோம். டவுனுக்குச் சாமான் வாங்கப் போக, பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விட, பக்கத்துத் தோட்டத்தில் இழவு என்றால் ஓடிப்போய் நிற்க, பால்மரம் வெட்டுகிறவனுக்கு இருந்த வண்டி அது ஒன்றுதான். அதில்கூட அவனால் நிமிர்ந்து உட்கார்ந்து போக முடியவில்லை. எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது என்ன கேட்டார்கள் என்று தேடிப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், மருத்துவ வசதி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதே பட்டியலில், துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டார்கள். முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின.

கெடாவின் கதையும் வேறல்ல. 1947-இல் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் தொண்டர் படை என்ற அமைப்பினர் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டார்கள். கள் கூலிக்காரன் உடம்புக்கு நல்லது என்று நியாயம் பேசியவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். தொழிலாளர்கள் அந்த நியாயத்தைத் தூக்கி எறிந்தார்கள். தங்கள் உடம்புக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதைத் தாங்களே தீர்மானிக்க எழுந்து நின்றவர்கள் அவர்கள். கிடைத்ததோடு நிறைவடைந்த சாதுக்களாக அவர்களைக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

அடுத்தது பழைய சோறு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் போய்ப் பேர் கொடுக்க வேண்டியவனுக்கு உலை வைத்துச் சோறாக்கிச் சாப்பிட நேரம் ஏது? இரவு மிஞ்சியதில் தண்ணீரை ஊற்றி உப்புப் போட்டுக் குடித்துவிட்டு ஓடினான். அது நல்ல உணவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஏன் நல்லது என்று தெரிந்துகொள்ள மறுப்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

இதே மலாயாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்கள் சாய்ந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பிராடன் என்ற மருத்துவர் இந்த வேற்றுமையைக் கவனித்து 1907-இல் நூலாகவே எழுதினார். வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிக்காரர்களையே பிடித்தது. நம் சோறு நம்மைக் காப்பாற்றியது உண்மை. அதை உலகுக்கு நிரூபித்தது யாருடைய பெருமைப் பேச்சும் அல்ல. ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்த சோதனை. இன்று விளையாட்டு உணவியல் செய்வதும் அதே வேலைதான். அதைப் பகட்டு என்பவர்கள் தங்கள் பழைய சோற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளை வீட்டை விட்டு விரட்டுகிறார்கள்.

அந்த உணவியல் சொல்வது சிக்கலானதும் இல்லை. ஒரு மணி நேரச் சவாரிக்கு வீட்டில் சாப்பிட்டதும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். அதற்கு மேல் நீண்டால் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் தீர்ந்துகொண்டே வரும். அப்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் கடுஞ்சவாரியில் 90 கிராம் வரை போகலாம். குளுக்கோஸ் மட்டுமாக இருந்தால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில்தான் உறிஞ்சும். பிரக்டோசுக்குக் குடலில் வேறு வழி இருப்பதால், இரண்டையும் கலந்தால் கூடுதலாக ஏற்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? குரூண் பக்கமிருந்து ஜெராய் மலைக்கு ஏறும் சாலையில் ஒரு ஞாயிறு நின்று பாருங்கள். உச்சி 1,217 மீட்டர். காலையில் கோப்பி மட்டும் குடித்துவிட்டு சுங்கைப்பட்டாணியிலிருந்து மிதித்து வந்த பையன் பாதி ஏற்றத்தில் நின்றுவிடுகிறான். உதடு வெளுத்திருக்கிறது, விரல் நடுங்குகிறது, பெயரைக் கேட்டால் பதில் வர நேரமாகிறது. கூட வந்தவன் ஒரு வாழைப்பழமும் நாலு மிடறு இனிப்புத் தண்ணீரும் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் பையன் கண் தெளிந்து எழுகிறான். அவனைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை என்று தலையாட்டுகிறவர் தம் அறியாமையைத்தான் ஊருக்குச் சொல்கிறார். தெம்பு இருந்தது; எரிபொருள் இல்லை.

அந்த எரிபொருளுக்குக் காசு கொட்ட வேண்டியதும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. சில்லறைக் காசில் முடிகிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு ஜெல் பாக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 200 கிராம் சோற்றில் 55 கிராமுக்கு மேல் இருக்கிறது. அலன் லிம் என்ற உடலியல் நிபுணர் தொழில்முறை சைக்கிள் அணிகளுக்குச் சோற்றைக் கட்டியாக அழுத்தி, துண்டு போட்டு, சட்டைப்பையில் வைத்துக் கொடுத்துப் பழக்கினார். தாத்தாவின் சோறு ஐரோப்பிய மலைச்சாலை வரை போயிருக்கிறது. எவ்வளவு, எப்போது என்ற கணக்கோடு போயிருக்கிறது.

இதே கணக்கு எச்சரிக்கையும் செய்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது மற்ற இனத்தாரைவிட அதிகம். தாமானைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டுகிறவன் இனிப்புப் பானம் குடிப்பது கேடு. நீரிழிவு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் ஜெல்லைத் தொடக்கூடாது. தாத்தா கதை சொல்பவர்கள் இதில் ஒரு வார்த்தையாவது சொன்னார்களா? இல்லை. அவர்கள் ஜெல்லைத் திட்டினார்கள். தே தாரிக்கைத் திட்டவில்லை.

இனி ஹெல்மெட். இந்த வாதத்தின் மிக மோசமான பகுதி இதுதான், ஏனென்றால் இதில் உயிர் போகும். தாத்தா ஓட்டிய சாலையில் எப்போதாவது ஒரு லாரி வந்தது. இன்று ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தோளை உரசுவதுபோலக் கடந்து போகின்றன. 2003-இல் பாரிஸ்-நீஸ் போட்டியில் கசகஸ்தான் வீரர் அந்திரே கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். அதே ஆண்டில் உலக சைக்கிள் சங்கம் தொழில்முறை வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. உலகின் மிகத் தேர்ந்த ஓட்டுநர்களுக்கே அது தேவை என்றான பிறகு, லூனாஸ் பையனுக்கு வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? 2016-இல் ஒலிவியர், கிரெய்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, விபத்தில் சிக்கிய 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 70 விழுக்காடு குறைவு என்று கண்டார்கள். மோட்டார்சைக்கிளில் ஏறினால் பேரனின் தலையில் ஹெல்மெட்டை மாட்டுகிற அதே பெரியவர் சைக்கிள் ஹெல்மெட்டைப் பகட்டு என்கிறார். தார்ச்சாலைக்கு இரண்டு தலையும் ஒன்றுதான்.

இறுக்கமான கால்சட்டையைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். மூன்று மணி நேரம் மிதிப்பவன் ஆயிரக்கணக்கான முறை இருக்கையில் உரசுகிறான். பருத்திக் கால்சட்டை வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். நடுத் தையல் தோலை அறுக்கும். அறுந்த இடத்தில் கிருமி புகுந்து கட்டி வரும். சைக்கிள் கால்சட்டையில் உட்காரும் இடத்தில் தையல் இல்லை, மெத்தை இருக்கிறது, துணி வியர்வையை வெளியே தள்ளுகிறது. உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டியது அது. தாத்தாவுக்கும் அந்தப் புண் வந்தது. அவர் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பகட்டே இல்லையா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2012-இல் விளையாட்டுப் பானங்கள், சத்துப்பொருள்கள், காலணிகள் முதலியவற்றின் விளம்பரங்களை ஆராய்ந்தது. 104 பொருள்களுக்குச் செய்யப்பட்ட 431 உரிமைகோரல்களைத் தோண்டிப் பார்த்தபோது, அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளில் மூன்று மட்டுமே தரமானவையாகத் தேறின. கார்பன் சட்டகத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ ஆள் 11 கிலோ சைக்கிளை விட்டு 8 கிலோ சைக்கிளுக்கு மாறினால் மொத்த எடை 76-லிருந்து 73 ஆகிறது. நாலு விழுக்காடு. ஒரு மணி நேர ஏற்றத்தில் இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சமாகும். மூடா நெல்வயல் சமவெளியில் அந்த லாபமும் இல்லை, அங்கே எதிரி காற்று. காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளுடையது அல்ல, ஓட்டுகிறவன் உடம்புடையது. குனிந்து ஓட்டப் பழகினால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் செய்யாததைக் காசில்லாமல் செய்யலாம். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் கடன் வாங்கிக் கார்பன் வாங்குவதை நானும் எதிர்க்கிறேன்.

ஆனால் எது பகட்டு, எது தேவை என்று எனக்குப் பிரித்துச் சொன்னது அளவும் ஆய்வும். தாத்தா வாதத்தால் அதைப் பிரிக்க முடியாது. அது ஹெல்மெட்டையும் கார்பன் சக்கரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிகிறது. இருக்கையைச் சரியான உயரத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் மூட்டு வலி வரும் வாய்ப்பு குறையும். அந்த அறிவைக்கூட இந்த வாதம் பையனிடம் சேரவிடாமல் தடுக்கிறது. கேட்டு வந்தவனைக் கேலி செய்து அனுப்புகிறது.

விளைவு யாருக்கு? டுங்குன் கிராமத்துப் பிள்ளையான சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் மெல்பர்னில் பயிற்சியாளர் ஜோன் பீஸ்லியிடம் ஆண்டுக்கணக்காகப் பயிற்சி பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017-இல் உலகப் பட்டம், தோக்கியோவில் வெள்ளி என்று வென்றார். பயிற்சியும் உணவும் கருவியும் சேர்ந்தால் ஒரு கிராமத்துக் கால் எங்கே போகும் என்பதற்கு அவரே சான்று. நம்மவர் எம். குமரேசன் 1988, 1992 ஒலிம்பிக் போட்டிகளில் மலேசியாவுக்காக ஓட்டினார். தாத்தா பெருமை பேசுவோர் வாயில் அவர் பெயர் வந்து நான் கேட்டதில்லை. சாதித்தவனை மறந்துவிட்டு, சகித்தவனை மட்டும் நினைவில் வைத்திருக்கும் சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சகிப்பையே சொல்லிக்கொடுக்கும். வசதியுள்ள வீட்டில் அப்பா பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கித் தருகிறார். நாம் நம் பிள்ளைக்குக் கதை சொல்கிறோம்.

பெரியவர்களே, தாத்தா அப்படி மிதித்தது வேறு வழி இல்லாததால். பேரனுக்கு வழி இருக்கும்போது அதை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. கூலிமிலோ பாடாங் செராயிலோ பீடோங்கிலோ உங்கள் வீட்டுப் பிள்ளை சைக்கிள் மீது ஆசைப்பட்டால் முதலில் நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். அடுத்து முன்னும் பின்னும் விளக்கு. பிறகு உறுதியான டயர், மெத்தை வைத்த கால்சட்டை ஒன்று. போத்தலில் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர், பையில் இரண்டு வாழைப்பழம். கார்பனைப் பற்றி அவன் சொந்தச் சம்பளத்தில் யோசிக்கட்டும். தாத்தாவின் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்க மறுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.