அப்பா அம்மாவுக்கு எந்தக் கப்பல்?



என் பழைய மாணவி ஒருத்தி எழுதிக் கேட்டிருக்கிறாள்: "டீச்சர், அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்துவிட்டது. அம்மாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதைத் தவிர வேறு பயணம் போனதில்லை. பிள்ளைகள் நாங்கள் பணம் போட்டு உல்லாசக் கப்பலில் அனுப்பலாம் என்றிருக்கிறோம். ஒரு கம்பெனியில் விலை குறைவு. இன்னொரு கம்பெனியின் கப்பல் பெரியது. எதில் அனுப்புவது?"

நல்ல பிள்ளைகள். இந்தக் கேள்வியை இப்போது பலரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், டவுனுக்கு இறங்கிவிட்டவர்களும் கேட்கிறார்கள். ஆகவே என் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கப்பல் என்ற சொல் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய அந்தக் கப்பல் சுமார் 8,500 டன். அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வர, ஆரம்பத்தில் 5,000 பேருக்கு மேல் அனுமதி இருந்தது. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் நடந்த தீ விபத்தோடு நின்றுபோயிற்று. இப்போது சிங்கப்பூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நாம் பார்க்கும் கெந்திங் டிரீம் கப்பல் சுமார் 150,000 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் அதில் ஏறுகிறவர்கள் 3,300 பேர் சொச்சம். கப்பல் ஏறக்குறைய பதினெட்டு மடங்கு பெரிது, ஆனால் ஆட்கள் குறைவு! (டன் என்றதும் எடை என்று எண்ண வேண்டாம். அது கப்பலின் உள்ளே இருக்கும் இடத்தை அளக்கும் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடுங்கள்.)

சரி, எந்தக் கப்பல்? நம் பக்கத்தில் முக்கியமாகப் பேசப்படும் நிறுவனங்கள் இரண்டு.

முதலாவது ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ். இது கெந்திங் மலைக்காரர்களின் வழி வந்தது. 1993-இல் தொடங்கிய ஸ்டார் குரூசஸ் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை நடத்திய ஹாங்காங் நிறுவனம் கோவிட் காலத்தில் கடனில் மூழ்கி 2022 ஜனவரியில் நீதிமன்றம் ஏறியது. அதே ஆண்டில் அதே குடும்பம் புதிய பெயரில் தொழிலைத் தொடங்கியது. கெந்திங் டிரீம் 2022 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து மறுபடி ஓடியது.

இரண்டாவது ராயல் கரீபியன். அமெரிக்காவின் மயாமி நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் என்ற பெருங்கப்பல்கள் வெவ்வேறு ஆண்டுகளில் சிங்கப்பூருக்கு வந்து ஓடியிருக்கின்றன. ஸ்பெக்ட்ரம் மட்டுமே சுமார் 169,000 டன். கப்பலின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. ஆட்களை உட்கார வைத்து, கடலுக்கு மேல் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுகிறது. பேரப்பிள்ளைகள் உடன் போனால் குதிப்பார்கள். நம் அப்பா அம்மா அதில் ஏறுவார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கப்பல்களின் வழியும் துறைமுகமும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே கம்பெனியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பயணத்தைத் தேடாதீர்கள். எங்கிருந்து ஏறுவது, எத்தனை இரவு என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள். பிறகு கம்பெனி தானாக அமைந்துவிடும்.

பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருப்பவர்களுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஏறும் பயணம் கிடைத்தால் அதற்குத்தான் என் ஓட்டு. சிங்கப்பூருக்குப் பஸ் பிடித்து, எல்லையில் வரிசையில் நின்று, முதல் நாள் இரவு எங்கேயாவது தங்கினால் கப்பலில் மிச்சம் பிடித்த பணம் தரையிலேயே கரைந்துவிடும். ஜொகூர்க்காரர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு சிங்கப்பூர்தான் பக்கம். மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் அருகிலேயே இருக்கிறது. கிள்ளானில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறங்கினால் கப்பல் வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. உல்லாசக் கப்பல் நிற்பது புலாவ் இண்டாவில். அங்கிருந்து இன்னும் காரில் போக வேண்டும்.

இரவுகள் மூன்று போதும். முதல் பயணத்துக்கு ஐந்து, ஏழு என்று போக வேண்டாம். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் நம் நாடு, மறுபக்கம் சுமத்ரா. ஆகவே அலை பெரும்பாலும் அடங்கியிருக்கும். பினாங்கைத் தாண்டி பூக்கெட் பக்கம் போனால் அந்தமான் கடல். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. தலைசுற்றல் உள்ளவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடலாம். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: போகும் இடத்தில் கப்பல் கரையோடு அணையுமா, கடலில் நின்று சிறு படகில் இறக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஆடும் படகில் காலெடுத்து வைப்பது விளையாட்டல்ல. பினாங்கில் அந்தக் கவலை இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கும் குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய் வரலாம். தாத்தா வந்திறங்கிய ஊரில் பேரன் பேத்திகள் உல்லாசமாக இறங்குவது எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

அடுத்தது பணம். இதில்தான் கண் திறந்திருக்க வேண்டும். விளம்பரத்தில் 900 வெள்ளி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே பொடி எழுத்தில், "ஒருவருக்கு, இருவர் ஓர் அறையில் தங்கினால்" என்றிருக்கும். ஆக 1,800. துறைமுகக் கட்டணமும் வரியும் பெரும்பாலும் தனி. ஊழியர்களுக்கான அன்பளிப்பும் தனி. அன்பளிப்பு என்றால் மனமிருந்தால் கொடுப்பது என்றுதானே நமக்குத் தெரியும்? கப்பலில் அது கணக்கிலேயே ஏறிவிடும். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல். இருவருக்கு மூன்று இரவுக்கு 108 டாலரைத் தாண்டும். நம் காசில் 400 வெள்ளிக்கு மேல். மற்றக் கம்பெனியிலும் அன்பளிப்புக் கட்டணம் உண்டு. ஆகவே பயண முகவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஏறி இறங்கும் வரைக்கும் இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு? தாளில் எழுதிக் கொடுங்கள்." இரண்டு கம்பெனியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைவாகத் தெரிந்தது குறைவாகவே இருக்கிறதா என்று அப்போது தெரியும்.

அந்த முகவரும் சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ளவராக இருக்கட்டும். பெரிய கம்பெனியே 2022-இல் கவிழ்ந்ததைச் சொன்னேன். ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே முழுப்பணத்தையும் கட்டுவது நம் கைக்கு ஏற்ற காரியமல்ல.

அறைக்கு வருவோம். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. "தூங்கத்தானே போகிறோம், ஜன்னல் எதற்கு?" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போன உடம்பு, கப்பலிலும் நான்கு மணிக்கே எழுந்துகொள்ளும். ஜன்னலில்லா அறையில் அது பகலா இரவா என்றே தெரியாது. இருட்டில் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். பனியில் மரம் சீவி, மரத்தையே பார்த்துக் கழிந்த கண்ணுக்குக் கடலில் சூரியன் எழுவதைக் காட்டத்தானே இந்தச் செலவு? ஆகவே படம் பிடிப்பவரின் படங்களை விடுங்கள், தனிக்கட்டண விருந்தை விடுங்கள், ஜன்னலுக்குக் கொடுங்கள். ராயல் கரீபியனின் நான் மேலே சொன்ன கப்பல்களில் உள்ளறை சிலவற்றில் சுவரில் பெரிய திரை வைத்து வெளிக்கடலை அப்படியே காட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் சினிமா சினிமாதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கட்டணத்திலேயே மூன்று வேளையும் அடங்கும். இரண்டு கம்பெனியிலும் இந்தியச் சாப்பாடு கிடைக்கும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஆசியர்களையே நம்பி ஓடும் கெந்திங் டிரீமில் சோறும் கறியும் தேடி அலைய வேண்டியிருக்காது என்பது என் எண்ணம். விருந்து இரவுக்கு என்ன உடுத்துவது என்று பயப்படுகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: கல்யாணப் புடவை ஒன்றைக் கொண்டுபோங்கள். அந்தக் கூடத்தில் உங்களைவிட நன்றாக உடுத்தியவர் யாரும் இருக்க மாட்டார்.

இனிச் சொல்வது கசப்பாக இருக்கும். இரண்டு கம்பெனிக் கப்பலிலும் சூதாட்டக் கூடம் உண்டு. நானும் வீட்டுக்காரரும் ஒருமுறை கப்பலில் போனபோது, அந்தக் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் நம்மவர் மனைவி ஒருவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்திருந்தார். "அவர் உள்ளே இருக்கிறார், டீச்சர். வந்துவிடுவார்" என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் கரையில் எல்லோரும் இறங்கினோம். அவர்கள் இருவரும் இறங்கவில்லை.

நாலு நம்பருக்கு ஐந்து வெள்ளி கட்டுவதைப் போன்றதல்ல இது. கப்பலில் காசு கையைவிட்டுப் போவதே கண்ணுக்குத் தெரியாது. ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், கடனை ஏற்றுவதும் அதுதான். ஆகவே வங்கிக் கடன் அட்டையை அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டாம். வரவேற்பு மேசையில் இவ்வளவுதான் என்று ரொக்கம் கட்டி வைக்கலாம். முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சேமநிதிப் பணம் வந்த சூட்டோடு கப்பலேறுகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன்.

மதுவும் அப்படியே. ராயல் கரீபியனில் ஓர் அறையிலுள்ள ஒருவர் அளவில்லா மதுத் திட்டம் வாங்கினால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. குடிக்காத அம்மாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்! அப்பாவுக்கு ஒரு கிண்ணம் வேண்டுமென்றால் அந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் காசு கொடுத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் பேசுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்றிருக்கிறது. அப்பா அம்மாவின் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நீலமா, சிவப்பா? நம் தோட்டங்களில் சிவப்பு அட்டையோடு வாழ்ந்து முடிந்த பெரியவர்கள் கொஞ்சமல்ல. சிவப்பு அட்டைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பணத்தைக் கட்டிவிட்டுக் குடிநுழைவு முகப்பில் போய் நின்றுகொண்டு, பிள்ளைகள் முன்னிலையில் அந்தச் சொல்லை அப்பா கேட்கும்படி விடாதீர்கள். நீல அட்டை என்றால் கவலையில்லை. ஐந்தாண்டுக் கடப்பிதழ் 200 வெள்ளி. அறுபது வயதானவர்களுக்கு 100 வெள்ளிதான். பயண நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

பிறகு, அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து இரண்டு கம்பெனியின் படங்களையும் காட்டிக் கேளுங்கள். பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டு, "பெட்டியைக் கட்டுங்கள்" என்று சொல்லாதீர்கள். கிராணி சொன்ன நேரத்துக்கு எழுந்து, மண்டோர் காட்டிய நிரைக்குப் போன காலம் முடிந்துவிட்டது. அம்மா, "எனக்குக் கடல் வேண்டாம், காசிக்குப் போக வேண்டும்" என்று சொன்னாலும் சொல்லலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல்தான் என்று முடிவானால், மருந்து விஷயம். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் கட்டணம் நம் அரசாங்க கிளினிக்கின் ஒரு வெள்ளி அல்ல. பயணக் காப்புறுதி எடுத்துவிடுங்கள். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பயண நாட்களுக்கும் மேலே இரண்டு நாட்களுக்கும் சேர்த்து எடுத்துக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். ஏறும்போது பெட்டியை வாங்கிக்கொண்டுபோய் பல மணி நேரம் கழித்துத்தான் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

கப்பல் புறப்படுமுன் ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கொங்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பயிற்சியைப் புறப்படுமுன்பே முடிக்கவேண்டும் என்று விதியைக் கடுமையாக்கினார்கள். களைப்பாக இருக்கிறது என்று அப்பா அறையில் படுத்துவிட வேண்டாம். இருவரும் சேர்ந்தே போய், கூடும் இடத்தின் எழுத்தையோ எண்ணையோ ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.