மிதவை கட்டவும் அனுமதியா?

மரக்காணத்திலிருந்து கழுவெளி ஏரி வழியாகப் புதுச்சேரிக்குப் படகு விடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சலிப்பும் சேர்ந்தே எழுகிறது. "தண்ணியில நாலு மிதவை கட்ட எத்தனை ஆபீஸ் ஏறணும்?" திண்டிவனம் டீக்கடையிலும் கேட்கலாம், விழுப்புரத்தில் சுற்றுலாவுக்கு முதல் போடக் காத்திருப்பவர்களிடமும் கேட்கலாம். அனுமதி விதிகள் வெறும் முட்டுக்கட்டை என்பதுதான் இதன் சாரம். அதில் ஒரு பங்கு நியாயம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றவை நிற்காது.

முதல் வாதம்: தேசிய நீர்வழி என்று அறிவித்தாகிவிட்டது, நீர்வழிகள் ஆணையம் தலையாட்டினால் போதும். காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான தடம் 2008 நவம்பரில் தேசிய நீர்வழி 4 ஆனது உண்மை. அன்றைய கணக்கில் மொத்தம் 1,078 கி.மீ.; அதில் தெற்கு பக்கிங்காம் கால்வாய் 110 கி.மீ., மரக்காணத்திலிருந்து கழுவெளி வழியாகப் புதுச்சேரி 22 கி.மீ. ஆனால் அந்த அறிவிப்பு மத்திய அரசுக்குக் கொடுத்தது படகுப் போக்குவரத்தின் மீதான அதிகாரத்தை. கரையும் அடிமண்ணும் அதனால் கைமாறிவிடவில்லை. கால்வாய் மாநில நீர்வளத் துறையின் பொறுப்பு. கழுவெளியோ 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்குச் சற்று மேல். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சரணாலயத்துக்குள் வெளியாள் நுழையவே அனுமதி வேண்டும். அப்படியிருக்க, பூநாரை மேயும் சேற்றில் கான்கிரீட் கட்டையை இறக்கிச் சங்கிலி போட நொய்டாவில் இருக்கும் நீர்வழிகள் ஆணையத்திலிருந்து வரும் ஒரு கடிதம் எப்படிப் போதும்? கழுவெளி கடலைச் சேரும் எடையன்திட்டுக் கழிமுகம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது என்பது தனிக் கணக்கு.

இரண்டாவது வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது: மீனவர்கள் தினமும் மிதவை போடுகிறார்களே, அவர்கள் யாரிடம் கேட்டார்கள்? தெர்மாகோல் துண்டில் ஒரு குச்சி, அதன் முனையில் கிழிந்த சேலைத் துணி, சில சமயம் காலி எண்ணெய்க் கேன். அது சொல்வது 'என் வலை இங்கே கிடக்கிறது' என்பதை மட்டும்தான். வலையை இழுத்ததும் அதுவும் படகில் ஏறிவிடும். வழி காட்டும் மிதவை பேசுவது முன்பின் தெரியாதவனிடம்: இந்தப் பக்கம் ஆழம், அந்தப் பக்கம் போகாதே. அவன் அதை நம்பித் திரும்புகிறான். கடலிலிருந்து உள்ளே வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது இந்தியா பின்பற்றும் முறை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது அப்படியே தலைகீழ். ஆளாளுக்குப் பிடித்த வண்ணம் பூசினால் கரையில் அது அழகு, தண்ணீரில் ஆபத்து.

உலகம் இதைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1971 ஜனவரியில் டோவர் நீரிணையில் 'டெக்ஸாகோ கரீபியன்' என்ற கப்பல் மோதலில் மூழ்கியது. அதன் சிதைவில் 'பிராண்டன்பர்க்' மோதி மூழ்கியது. அந்த இடத்தைக் குறியிட்டு எச்சரித்த பிறகும், சில வாரங்களில் 'நிக்கி' என்ற கப்பல் அங்கேயே போய் மோதியது. மொத்தம் 51 உயிர்கள். அப்போது உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் நடைமுறையில் இருந்தன. இந்த அடிகளின் உந்துதலில்தான் 1980இல் நாடுகள் ஒரே ஒழுங்குக்கு வந்தன. அதுவும் இரண்டு மண்டலங்களாகப் பிரிந்து.

அடுத்தது, 'எங்க ஊர்த் தண்ணி எங்களுக்குத் தெரியும்.' தெரியும்தான், மறுக்கவில்லை. எடையன்திட்டுக் கழிமுகத்தில் மணல்திட்டு எங்கே எழும்பியிருக்கிறது என்பதை அலை உடையும் இடத்தைப் பார்த்தே ஃபைபர் படகுக்காரர் சொல்லிவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் பார்த்துத்தான் சொல்கிறார், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வெட்டித் தள்ளிய பின் வாய் பழைய இடத்தில் இருப்பதில்லை. ஆடியில் கட்டிய மிதவை தையில் பொய் சொல்லும். அந்தப் பொய்யில் மாட்டுவது அவரல்ல, வெளியூரிலிருந்து சுற்றுலாப் படகை ஓட்டிவரும் ஆள். இங்கேதான் விண்ணப்பத்தின் சலிப்பூட்டும் கேள்விகளுக்கு வேலை: ஆழம் எப்போது அளந்தது, நங்கூரக் கட்டையின் எடை என்ன, சங்கிலி எவ்வளவு நீளம், விளக்கின் பேட்டரி திருடுபோனால் யார் மாற்றுவது, அறுந்து மிதந்தால் யார் போய் எடுப்பது. கடலில் நிறுவினால் அந்தத் தகவல் டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்; மாலுமிகளுக்கான அறிவிப்பும் வரைபடத் திருத்தமும் அங்கிருந்துதான் வருகின்றன. சொல்லாமல் கட்டிய மிதவை எந்த வரைபடத்திலும் இருக்காது.

சட்டம் மிரட்டத்தான் இருக்கிறது என்போருக்குச் சுருக்கமாக: 1927ஆம் ஆண்டு கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம், கடல் வழிகாட்டிச் சாதனங்களை வேண்டுமென்றே சேதப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அது மிதவைக்குக் காவல். யாரோ கட்டிவிட்டுப் போன கேனை அறுத்தவர் மீது அந்தப் பிரிவு பாயாது.

இனி அந்த ஒரு பங்கு நியாயம். நொய்டா, சென்னை, விழுப்புரம் என்று ஒரே வரைபடத்தை வெவ்வேறு மேசைகளுக்குச் சுமப்பது வீண் அலைச்சல். அதற்குத் தீர்வு விதியைத் தூக்கி எறிவது அல்ல, மேசைகளை வரிசைப்படுத்துவது. முதலில் வனத்துறையிடம் போகட்டும். அங்கே 'முடியாது' என்றால் மற்ற மேசைகளில் ஒருவர் நேரமும் வீணாக வேண்டாம். 'முடியும்' என்றால் ஆட்சியர் எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் உட்கார வைத்து, வலசைப் பறவைகள் வந்து இறங்கும் முன்பே முடிவு சொல்லட்டும். உரிமம் ஓராண்டுக்கு மட்டும் இருக்கட்டும். மழை முடிந்து ஆழத்தை மறுபடி அளந்து காட்டினால்தான் புதுப்பிப்பு.