செய்தி செல்லும் வழியே மின்சாரமும்

ஒருபுறம் வாவியும் மறுபுறம் வங்காள விரிகுடாவும் இருக்க, நடுவே வீடுகள் நெருங்கியமைந்த ஊர் காத்தான்குடி. அங்கே ஒரு மாணவன் பாடசாலையின் மொட்டைமாடியில் வெப்பத்தையும் ஈரப்பதனையும் அளக்கும் சிறு கருவியொன்றை அமைக்க விரும்புகிறான் என வைத்துக்கொள்வோம். நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு கணிப்பலகை இன்று மாணவர் கைக்கெட்டும் பொருளாகிவிட்டது. 2005ஆம் ஆண்டு இத்தாலியில் தோன்றிய ஆடுயினோப் பலகை அதற்கு வழி திறந்தது. ஆனால், அப்பலகைக்கு மின்சாரம் எவ்வாறு சென்றடையும்?

செய்தியைக் காற்றிலே அனுப்பிவிடலாம். மின்சாரத்தை அவ்வாறு அனுப்புதல் எளிதன்று. மின்கலம் வைத்தால் தீர்ந்துபோகும். 230 வோல்ட் கம்பியை மழையில் நனையும் மாடிக்கு இழுப்பதோ உயிரோடு விளையாடுவதாகும். இவ்விடத்திலேதான் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் வடம் நமக்குக் கைகொடுக்கிறது.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், பேச்சுச் சென்ற அதே கம்பி வழியாகவே நிலையத்திலிருந்து வந்தது. வீட்டு விளக்கு அணைந்த வேளையிலும் அது பேசியதன் இரகசியம் இதுவே.

ஈதர்நெட் வடத்தினுள்ளே எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. ஒரு சோடியின் இரு கம்பிகளுக்கிடையே உள்ள வேறுபாடே செய்தியாகும். மின்சாரமோ அவ்விரு கம்பிகளிலும் சமமாக ஓடுகிறது. ஆகையால் ஒன்று மற்றொன்றைக் குழப்புவதில்லை.

இதற்கென 2003ஆம் ஆண்டில் ஒரு நியமம் வகுக்கப்பட்டது. அதன்படி ஏறக்குறைய 48 வோல்ட் நேரோட்டம் 100 மீற்றர் வரை செல்லும். அனுப்புமிடத்தில் 15.4 வாட், பெறுமிடத்தில் ஏறத்தாழ 13 வாட். சிறு பலகைக்கு இது தாராளம்.

48 வோல்ட் ஏன், பலகைக்கு வேண்டிய 5 வோல்ட்டையே அனுப்பலாகாதா என மாணவர் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சோடியைப் போவதற்கும் மற்றொன்றை வருவதற்கும் பயன்படுத்தினால், 50 மீற்றர் வடத்தின் தடை ஏறக்குறைய 4.5 ஓம். 5 வோல்ட்டில் அரை அம்பியர் ஓடினால் வழியிலேயே 2.25 வோல்ட் கரைந்துவிடும். எஞ்சியது பலகைக்குப் போதாது. அதே 2.5 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்புக் கால் வோல்ட்டும் ஆகாது. மறுமுனையில் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்வதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நியமத்திற்கமைந்த கருவி, வீட்டுக்காரர் கதவருகே நின்று வந்தவர் யாரென விசாரிப்பதுபோல, முதலில் 10 வோல்ட்டுக்கு மேற்படாத அழுத்தத்தை அனுப்பிப் பார்க்கும். மறுமுனையில் ஏறக்குறைய 25,000 ஓம் தடையைக் கண்டாற்றான் முழு மின்சாரத்தையும் தரும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில கருவிகளோ ஒன்றும் கேளாமலே கொடுத்துவிடும். அதனை நேரே பலகையில் இணைத்தால், மாதக்கணக்காகச் சேமித்து வாங்கிய பொருள் நொடியிற் கருகிப்போகும்.

வடத்திலும் கவனம் வேண்டும். அலுமினியத்தின்மேற் செம்பு பூசிய மலிவு வடத்திற்குத் தடை அதிகம், அது சூடேறும். கடற்கரை ஊரின் உப்புக் காற்று இணைப்புகளை அரித்துவிடும். ஆகவே அவற்றை நீர்புகாப் பெட்டியினுள் வைத்தல் நன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பிற்பகல்களில் வெளியே ஓடும் வடம் மின்னலின் வேகத்தை வீட்டினுள் கொணரக்கூடும். முகில் திரளுமுன்னரே அதனைக் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கியபின் தொடலாகாது.

பலகையைப் பூட்டுமுன் பல்மானியை எடுத்து, பலகைக்குச் செல்லும் முனையில் 5 வோல்ட்டே உள்ளதா என அளந்து பாருங்கள். பெற்றோரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஆழமறிந்து காலை வைப்பவர்க்குச் சேதமில்லை.