முள் பட்டை வேண்டாமே!

குட்டீஸ், மாலை நேரத்தில் உங்கள் தெருவில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய நாய் முன்னால் பாய்ந்து ஓடும். சங்கிலியைப் பிடித்தபடி, 'ஏய், நில்லு... நில்லு...' என்று கத்திக்கொண்டே அதை வளர்ப்பவர் பின்னால் ஓடுவார். யார் யாரை 'வாக்கிங்' அழைத்துப் போகிறார்கள் என்றே தெரியாது!

பார்க்க வேடிக்கைதான், ஆனால், விஷயம் விளையாட்டல்ல. வளர்ந்த ஆண் ராட்வீலர் நாய் சுமார் 50 கிலோ எடை இருக்கும். நன்கு வளர்ந்த லாப்ரடார் 30 கிலோவைத் தொடும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் உங்களில் பலருடைய எடையே அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாய், எதிரே ஒரு பூனையைப் பார்த்துத் துள்ளினால் என்ன ஆகும்? பெரியவர்களே தடுமாறி விழுந்துவிடுவர்.

அதனால்தான், வீட்டுக்குப் பெரிய நாய் வந்ததும், 'இதை அடக்க நல்ல பட்டை வேண்டும்' என்று கடைக்குக் கிளம்புகின்றனர். கடையில் விதவிதமான பட்டைகள் தொங்கும். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, உட்புறம் இரும்பு முட்கள் வைத்த பட்டை, பொத்தானை அழுத்தினால் 'ஷாக்' அடிக்கும் பட்டை... 'பெரிய நாய்க்கு இதுதான் சரி. ஒரே இழு... பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும்!' என்று யாராவது யோசனையும் சொல்வார்கள்.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. நாய் எவ்வளவு பெரியதோ, எவ்வளவு பலசாலியோ, அவ்வளவுக்கு அதற்கு வலி தராத பட்டைதான் வேண்டும். இது நாய்க்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் பாதுகாப்புக்காகவும்தான்!

கழுத்தில் என்ன இருக்கிறது?

உங்கள் தொண்டையின் முன்புறத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகக் குழாய் போல ஒன்று தட்டுப்படுகிறதா? அதுதான் மூச்சுக்குழாய். நாய்க்கும் அதே இடத்தில்தான் மூச்சுக்குழாய் இருக்கிறது. பக்கத்திலேயே தைராய்டு சுரப்பியும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் உள்ளன. 'நாயின் தோல் தடிமன். அதற்கு வலிக்காது' என்பது தவறு. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. முடி மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இறுக்கும் சங்கிலியும், முள் பட்டையும் இந்த இடத்தில்தான் தாக்குகின்றன. சாதாரணப் பட்டையாக இருந்தாலும், நாய் அதை இழுத்துக்கொண்டே நடந்தால், அதன் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்று 2006ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டையில் அப்படிக் கூடவில்லை.

பாவ்லோவ் சொல்லும் பாடம்!

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், 1904ல் நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு தருவதற்கு முன், ஒவ்வொரு முறையும் ஓர் ஓசையை எழுப்புவார். சில நாட்களுக்குப் பின், உணவே தராவிட்டாலும், அந்த ஓசையைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறியது! அடுத்தடுத்து வரும் இரண்டு விஷயங்களை நாய் மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பதை அவர் இப்படிக் கண்டறிந்தார்.

இப்போது இதை யோசியுங்கள். முள் பட்டை போட்ட நாய் தெருவில் போகிறது. எதிரே நீங்கள் சைக்கிளில் வருகிறீர்கள். ஆர்வத்தில் நாய் உங்கள் பக்கம் தாவுகிறது. உடனே சங்கிலி இழுபடுகிறது. கழுத்தில் முள் குத்துகிறது. இதே போல நாலு நாள் நடந்தால், நாய் என்ன கற்றுக்கொள்ளும்? 'இழுத்தால் வலிக்கும்' என்றா? இல்லை, 'சைக்கிளில் பையன் வந்தால் வலிக்கும்' என்றா? இரண்டாவதை அது கற்றுக்கொண்டால் வம்புதான். நேற்று வரை வாலை ஆட்டிய நாய், நாளை உங்களைப் பார்த்து உறுமும்.

முள் பட்டை போட்டதும் பல நாய்கள் இழுப்பதை நிறுத்திவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால், பிரம்பைப் பார்த்து வாயை மூடும் வகுப்பு, பாடம் புரிந்துகொண்ட வகுப்பு ஆகிவிடுமா? 

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், 63 நாய்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். 2020ல் முடிவு வெளியானது. பாராட்டும், பரிசும் கொடுத்துப் பழக்கிய நாய்கள், 'ஷாக்' பட்டை போட்ட நாய்களைவிடச் சிறப்பாகவே சொல் பேச்சுக் கேட்டன. வேல்ஸ் நாட்டில், 'ஷாக்' பட்டையை 2010லேயே தடை செய்துவிட்டனர்.

நம் நாட்டிலும் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. ஒரு பிராணியை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டி வைப்பதே குற்றம் என்கிறது அது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று ராஜ்யசபாவில் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? சென்னையில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான்!

'அப்படியானால், பெரிய நாயை அவிழ்த்து விட்டுவிடலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். கூடவே கூடாது! 2024 மே மாதம், சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில் உள்ள பூங்காவில், இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. கயிறு போடாமல் விடப்பட்ட நாய்கள் அவை. அங்கே தேவைப்பட்டது கழுத்தில் முள் அல்ல. பொறுப்பானவர் கையில் ஒரு கயிறு! வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எதை வாங்கலாம்?

* நெஞ்சுப் பட்டை: இழுக்கும் நாய்க்கு இதுவே முதல் தேர்வு. கயிறு மாட்டும் வளையம் முதுகில் மட்டும் இருந்தால் போதாது. முன்பக்கம், நெஞ்சிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் நாய் முன்னால் இழுக்கும்போது அதன் உடல் உங்கள் பக்கமே திரும்பும். வாங்கும் முன் நெஞ்சின் சுற்றளவை அளந்து கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

* அகலமான கழுத்துப் பட்டை: பெரிய நாய்க்கு ஓர் அங்குலமாவது அகலம் வேண்டும். மெல்லிய பட்டை கழுத்தை அறுக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். குட்டி வேகமாக வளரும் என்பதால், வாரம் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். மறந்தால், பட்டை தோலுக்குள்ளேயே புதைந்துவிடும்.

* ஓரளவே இறுகும் பட்டை: இது நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு ஏற்றது. இவற்றின் தலை குறுகலானது. சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து நழுவவிட்டு ஓடிவிடும். இந்தப் பட்டை இழுத்தால் சற்று இறுகும்; ஓர் எல்லையோடு நின்றுவிடும். கழுத்தை நெரிக்காது, தலையும் நழுவாது. 2005ல் தபால்தலையில் இடம்பிடித்த பெருமை உடையது ராஜபாளையம். அதன் கழுத்துக்கு முள் எதற்கு?

கயிறு ஆறடி நீளம் இருந்தால் போதும். அதைக் கையில் சுற்றிக் கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் விரல் முறிந்துவிடும்.

பட்டை பாடம் நடத்தாது!

எந்தப் பட்டையை வாங்கினாலும், அது நாயைப் பிடித்து வைக்கத்தான் உதவும். கற்றுக்கொடுக்க வேண்டியது நீங்களும், உங்கள் வீட்டாரும்தான்.

நாய் ஏன் இழுக்கிறது? அதற்கு நாலு கால். நம் நடை அதற்கு ஆமை நடை. தவிர, இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம் என்று அதற்குத் தெரியும். அந்தக் கணக்கை மாற்றுங்கள். கயிறு விறைத்ததும் மரம் போல நின்றுவிடுங்கள். கத்த வேண்டாம், இழுக்க வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்து, கயிறு தளர்ந்ததும், 'சபாஷ்' என்று சொல்லி, வேகவைத்த கோழியிலோ, கேரட்டிலோ ஒரு சிறு துண்டைக் கொடுத்துவிட்டு நடங்கள். 'இழுத்தால் வண்டி நிற்கும். தளர்த்தினால் ஓடும்' என்று நாய்க்குப் புரிந்துவிடும். பாவ்லோவின் முடிச்சு, இப்போது நல்ல முடிச்சாக விழும்!

முதலில் வீட்டு முற்றத்திலோ, மொட்டை மாடியிலோ பழக்குங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். நன்றாகப் பழகிய பின் தெருவுக்குப் போகலாம். முதல் வாரம், தெருமுனை வரை போகவே கால் மணி நேரம் ஆகும். பொறுமை வேண்டும். முள் பட்டை விற்பனையாவதே, அந்தப் பொறுமை நம்மிடம் இல்லாததால்தான்.

ஒரு முக்கியமான விஷயம் குட்டீஸ்... உங்களைவிட எடை அதிகமான நாயைத் தனியாக வெளியே அழைத்துப் போகாதீர்கள். கயிறு அப்பா, அம்மா கையில் இருக்கட்டும்; 'சபாஷ்' சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்.

வீட்டில் நாய்க்குப் பட்டை வாங்கக் கிளம்பினால், நீங்களும் கூடவே போங்கள். யாராவது முள் பட்டையை எடுத்தால், உட்புறத்தை அவர்கள் உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டிய தேவையே இருக்காது!