பக்கம் வேகமாக வருகிறது, சரி. எந்த மொழியில் வருகிறது?



இது கொஞ்சம் தொழில்நுட்பம் கலந்த பதிவு. விக்கிப் பக்கங்களைக் காட்டிப் படிப்பிக்கிற ஆசிரியர்களும், பாடசாலைக்கோ சங்கத்துக்கோ சொந்தமாக ஒரு விக்கி நடத்துகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. நம் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம் 2005 இல் வந்தது. இரண்டும் மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதை யாரும் நிறுவலாம், வேண்டிய நீட்சிகளையும் சேர்க்கலாம். பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

கேஷ் என்றால் என்ன? தவணைப் பரீட்சைக்கு வினாத்தாளை ஒருமுறை தயாரித்து ரோணியோ அடித்துக் கொடுக்கிறோமே, அதுதான். ஒவ்வொரு வாசகருக்கும் பக்கத்தை முதலிலிருந்து தயாரிக்காமல், ஒருமுறை தயாரித்த பிரதியையே எல்லோருக்கும் கொடுப்பது. விக்கிப்பீடியாவில் லொக்-இன் செய்யாமல் வாசிக்கிற பெரும்பாலானோருக்குப் போவது இந்தப் பிரதிதான். இது இல்லாவிட்டால் சேர்வர் தாங்காது. டேட்டா முடியப்போகிற போனில் பக்கத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்குத் தாமதமாக வரும் பக்கம் வராத பக்கம்தான்.

ஆனால் ஒவ்வொரு தாளிலும் பிள்ளையின் பெயர் வேண்டுமென்றால் என்ன செய்வோம்? நாற்பது தாளையும் தனித்தனியாக அச்சடிக்க மாட்டோம். சுட்டெண்ணுக்கு இடம்விட்டு அச்சடிப்போம், பிள்ளை தானே எழுதிக்கொள்ளும். நல்ல நீட்சி செய்வதும் இதைத்தான். எல்லோருக்கும் பொதுவானதைச் சேர்வர் கொடுக்கும். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறுவதை வாசகரின் பிரவுசர் நிரப்பிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய விக்கியின் முகப்பில் ஹிஜ்ரித் திகதி காட்டும் நீட்சி ஒன்றைப் போட்டார்கள். பிறை கண்டு ரமழான் தொடங்கிவிட்டது, பக்கம் ஷஃபானிலேயே நின்றது. நிர்வாகி லொக்-இன் செய்து பார்க்கிறவர். அவருக்குப் பழைய பிரதி போகாது, அதனால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. "இங்க சரியாத்தானே இருக்கு" என்று இரண்டு நாள் பதில் சொன்னார்கள். பிறகு கேஷை முழுவதுமாக நிறுத்தினார்கள். திகதி சரியாகிவிட்டது. ஆனால் மஃரிபுக்குப் பிறகு ஆட்கள் ஒன்றாக வரும்போது தளமே திறக்கவில்லை. ஒரு வரித் திகதிக்காக முழுத் தளத்தையும் பலிகொடுத்த கதை இது.

என் கருத்து இதுதான்: கேஷை நிறுத்தினால்தான் வேலை செய்வேன் என்கிற நீட்சி நமக்கு வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் இந்த விதி போதும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். அது மொழி.

2013 இல் விக்கிப்பீடியாக்களுக்கு யுனிவர்சல் லாங்வேஜ் செலக்டர் என்ற நீட்சி வந்தது. அதில் இரண்டு வேலைகள். ஒன்று, தமிழ்99 போன்ற விசைப்பலகைகளைக் கொடுப்பது. அது பிரவுசரிலேயே நடப்பதால் கேஷோடு சண்டையில்லை. மற்றது, தளத்தின் பொத்தான்களையும் பட்டியல்களையும் வாசகர் கேட்கும் மொழிக்கு மாற்றுவது. இங்கேதான் சிக்கல். ஒருவர் தமிழுக்கு மாற்றிய பிரதி சேமிக்கப்பட்டால், அடுத்து வரும் சிங்கள வாசகருக்கும் அதே தமிழ்தான் போகும். அதனால், கேஷ் உள்ள தளங்களில் லொக்-இன் செய்யாதவர்களுக்கு மொழி மாற்றும் வசதியைத் திறக்க வேண்டாம் என்று அந்த நீட்சியின் குறிப்பே எச்சரிக்கிறது. விக்கிமீடியா பொதுவகம் போன்ற பன்மொழித் தளத்திலும் இந்தக் காரணத்தால் பல ஆண்டுகளாகக் கணக்கில்லாத வாசகருக்கு முதலில் வந்து நின்றது ஆங்கில முகப்புத்தான்.

சேர்வர் பக்கத்து நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த நாட்டில் "வசதிக்காக இப்போதைக்கு ஒரு மொழியில்" என்ற வசனத்தை நாம் எத்தனை படிவங்களில், எத்தனை கவுண்டர்களில் கேட்டிருக்கிறோம்? 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பிறகும் கேட்கிறோம். தொழில்நுட்பத்தின் பெயரால் அதே பதிலைப் பிள்ளைகள் பழகிக்கொள்ளக் கூடாது.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. வாசகர்கள் எண்ணிலடங்காதவர்கள், ஆளுக்கொரு பிரதி வைக்க முடியாது. மொழிகளை எண்ணலாம். நமக்கு மூன்று. மொழிக்கொரு முகவரி கொடுத்தால் மூன்று பிரதிகள், அவ்வளவுதான். கேஷும் இருக்கும், மொழியும் இருக்கும். பாடசாலையில் மூன்று மொழிமூலத்துக்கும் மூன்று வினாத்தாள் அடிக்கிறோமே, சுமை என்று யாராவது நிறுத்தினோமா? மீடியாவிக்கியில் முகவரியின் கடைசியில் ?uselang=ta என்று சேர்த்தாலே முகப்பு தமிழுக்கு மாறும். (முகவரியில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் ? க்குப் பதில் & போடுங்கள்.) பிள்ளைகளுக்குப் பொதுவகத்தின் இணைப்பை அனுப்பும்போது இதைச் சேர்த்தே அனுப்புங்கள்.

விக்கி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய நீட்சி போட்ட அன்றே லொக்-அவுட் செய்துவிட்டு, வேறொருவரின் போனில் மூன்று மொழியிலும் திறந்து பாருங்கள். அடுத்த நாளும் ஒருமுறை பாருங்கள். பழையதே நின்றால் முகவரியோடு ?action=purge சேர்த்துப் புதுப்பிக்கலாம். ஆனால் அதைத் தினமும் செய்யவேண்டி வந்தால் பிழை நீட்சியில்தான், அதைக் கழற்றிவிடுங்கள்.

இதில் அனுபவமுள்ளவர்கள் கொமெண்டில் எழுதுங்கள். மாற்றுக் கருத்தையும் எழுதுங்கள்.