முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு கிளச் மிதிப்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் வாகனம் ஓட்டுகிற வாப்பாவோ, உம்மாவோ, மாமாவோ இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம பள்ளிகளில் ஜும்ஆவுக்குப் போனால் ஓரமாக ஒரு வரிசை பிளாஸ்டிக் கதிரைகள் இருக்கும். பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்னர் இவ்வளவு இருக்கவில்லை. முழங்கால் மடக்க இயலாதவர்கள் அதில் இருந்து தொழுகிறார்கள். யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. நிற்க இயலாதவர் இருந்து தொழலாம், அதுவும் இயலாதவர் சரிந்து படுத்துத் தொழலாம் என்று சலுகை தந்த மார்க்கம் நம்முடையது.

ஆனால் அதே மனுஷன் தொழுது முடித்து வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மெனுவல் காருக்குள் ஏறி, கட்டுகஸ்தோட்டை டிரஃபிக்கில் முக்கால் மணித்தியாலம் கிளச்சை மிதித்து மிதித்துப் போவார். வலிக்குதா என்று கேட்டால் "சும்மா கொஞ்சம்" என்பார். அல்லாஹ்வுக்கு முன்னால் ஏற்றுக்கொண்ட இயலாமையை நமக்கு முன்னால் ஏற்றுக்கொள்ள அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்கு இருக்கு என்பதுதான் என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். நம்ம ஊர்ப் பக்கம் ஓட்டோ கியர் கார் என்றால் "பொம்பளைகள்ட கார்" என்று ஒரு பேச்சு இருக்கு. கியர் கார் ஓட்டினால்தான் டிரைவர் என்ற நினைப்பு. முழங்கால் வலி என்று சொன்னால் வீட்டில் பிள்ளைகள் உடனே சாவியை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுகிற காக்கா சொன்னால், அடுத்த மாதம் நாலு பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிடும். ஆகவே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்கள். உண்மையான ஆபத்து அந்த மௌனத்தில்தான் இருக்கு.

நான் வைத்தியர் இல்லை, வாத்தியார். ஆனால் காலையிலும் பகலிலும் பாடசாலை வாசலில் நின்று பிள்ளைகளைப் பாதை கடக்க விடுகிறவன். அதனால் இந்த விசயம் எனக்கு முக்கியம்.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்க வேண்டும். எந்த முழங்கால் என்பது பெரிய கேள்வி. இடது காலின் வேலை கிளச் மட்டும். வலது காலின் வேலை அக்ஸிலேட்டரும் பிரேக்கும். இடது முழங்கால் மட்டும் வலி என்றால் ஓட்டோ கியர் கார் அந்தப் பிரச்சினையை அநேகமாகத் தீர்த்துவிடும், ஏனென்றால் இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை. வலது முழங்கால் வலி என்றால் கதை வேறு. ஓட்டோவாக இருந்தாலும் பிரேக்கை அந்தக் கால்தான் மிதிக்க வேண்டும். "ஓட்டோ வாங்கிட்டோம், இனி பயமில்லை" என்று நினைப்பது பிழை. வலது கால் சொன்ன நேரத்துக்குப் பிரேக்குக்குப் போகவில்லை என்றால் எந்தக் காரும் ஓட்டக் கூடாது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். வலியால் கால் அரை வினாடி தயங்கினால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே வாகனம் மேலும் 7 மீற்றர் போய்விடும். பாடசாலைக்கு முன்னால் உள்ள மஞ்சள் கோட்டை ஒரு தரம் அகலமாக மனதில் நினைத்துப் பாருங்கள்.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். காரை நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓஃப் பண்ணி, அக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கி முழுப் பலத்தோடு திடீரென்று பிரேக்கை மிதியுங்கள். நாலைந்து தடவை செய்யுங்கள். முகம் சுளிக்குதா, கால் தயங்குதா, கையால் தொடையைத் தூக்கி வைக்க வேண்டி இருக்கா? ஒன்றுக்காவது "ஓம்" என்றால் அன்றைக்கு சாவி மேசையில் இருக்கட்டும். யாரும் பறிக்க வேண்டியதில்லை, நாமே வைப்போம்.

அடுத்தது, வலி இருக்கிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலே செய்கிற சில வேலைகள்.

கிளச்சைப் பாதி மிதித்து கியர் போடுவார்கள். கியர் பெட்டி கிறீச்சிடும், கொஞ்ச நாளில் தேயும். முதலாம் கியரை விட்டுவிட்டு இரண்டாம் கியரிலேயே எடுப்பார்கள். கிளச் பிளேட் கருகும். இறக்கத்தில் "கால் கொஞ்சம் ஆறட்டும்" என்று நியூட்ரலில் விடுவார்கள். இதுதான் ஆகக் கூடாதது. பலகடுவ வளைவுகளில் மாத்தளைப் பக்கம் இறங்கும்போதோ, கடுகண்ணாவையில் இறங்கும்போதோ நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடித்து வைக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகினால் மிதித்தாலும் பிடிக்காது. சிலர் எஞ்சினையும் ஓஃப் பண்ணி விடுவார்கள், அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

சரி, கார் மாற்ற வசதி இல்லாதவர் என்ன செய்வது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இருக்கிற பழைய மாருதியையோ அல்டோவையோ விற்றுவிட்டு ஓட்டோ கியர் கார் எடுங்கள் என்று சொல்வது சுலபம். எல்லாராலும் இயலாது. அப்படி இருப்பவர்களுக்குச் சில விசயங்கள்.

கிளச் பாரமாக இருந்தால் அது உங்கள் முழங்காலின் குற்றமாக மட்டும் இருக்காது. பழைய சின்னக் கார்களில் கிளச் கேபிளில் வேலை செய்யும். கேபிள் உள்ளே துருப்பிடித்தாலும் இழை பிரிந்தாலும் பெடல் இறுகும். கிளச் பிளேட் தேய்ந்தாலும் பாரம் கூடும். நம்பகமான கராஜில் காட்டுங்கள். புதுக் கேபிளோடு பாதி வலி குறைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சீட்டைச் சரியாக வையுங்கள். கிளச்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். தூரமாக இருந்தால் கால் நீட்டி இழுக்கும், ஆகக் கிட்ட இருந்தால் மூட்டு மடிந்து நசுங்கும். சீட் பள்ளமாகிப் போயிருந்தால் ஒரு உறுதியான குஷன் போடுங்கள். வழுகுகிற குஷன் வேண்டாம்.

டிரஃபிக்கில் நிற்கும்போது நியூட்ரலுக்குப் போட்டு, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, கிளச்சிலிருந்து காலை எடுங்கள். ஏற்றத்தில் அரைக் கிளச்சில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டாம். ஓடும்போது காலைப் பெடலுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டாம், பக்கத்தில் தரையில் வையுங்கள். கண்டிக்குப் போக வேண்டிய வேலையைப் பாடசாலை விடுகிற நேரத்தில் வைக்காமல் பத்து மணிக்குப் பிறகு வைத்தாலே மிதிக்கிற எண்ணிக்கை பாதியாகும். தூரப் பயணம் என்றால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள்.

மருந்து விசயத்தில் கவனம். ட்ரமடோல், பிரிகபலின் போன்ற வலி மருந்துகள் தூக்கம் வரவைக்கும். அதைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா என்று எழுதித் தந்த டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பாதம் மரத்துப்போயிருந்தால் எந்தப் பெடலில் கால் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. வலியை விட அது ஆபத்து.

முழங்கால் மாற்று ஒபரேஷன் செய்தவர்கள் அவசரப்பட வேண்டாம். பொதுவாக ஆறு வாரம் அளவில் என்று சொன்னாலும், எந்தக் கால், எந்தக் கார், பிரேக்கை எவ்வளவு வேகமாக மிதிக்க முடிகிறது என்பதைப் பார்த்து ஒபரேஷன் செய்த டொக்டர்தான் நாள் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம், மூட்டைக் கவனிப்பது. தொடைத் தசை பலமாக இருந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். அரச வைத்தியசாலைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கு, அங்கே பயிற்சி சொல்லித் தருகிறார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. வலீமா சாப்பாட்டில் சஹனுக்கு முன்னால் இருக்கும்போது இதை நினைத்தால் நல்லது.

இனி சமூகத்துக்கு என் வேண்டுகோள் மூன்று.

பிள்ளைகளே, வாப்பாவின் சாவியைப் பறிக்காதீர்கள். நாற்பது வருடம் உங்களை ஏற்றி இறக்கிய மனுஷன், திடீரென்று பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் உங்கள் நேரத்துக்கும் காத்திருக்கிறவராக ஆகிவிடுவார். பள்ளிக்குப் போவது குறையும், ஜனாஸாவுக்குப் போவது குறையும், மனுஷன் வீட்டுக்குள் சுருங்குவார். முதலில் பக்கத்தில் இருந்து ஒரு தரம் போய்ப் பாருங்கள். கிளச் கேபிளை மாற்றிக் கொடுங்கள். இரவிலும் தூரத்துக்கும் நீங்கள் ஓட்டுங்கள், ஊருக்குள் அவர் ஓட்டட்டும். உண்மையிலேயே இயலாது என்ற நாள் வந்தால் அதை மரியாதையோடு பேசுங்கள், அத்தோடு அவரை யார் எப்போது கூட்டிப் போவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, ஸ்கூல் வேன் காக்காவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்தால் வேனை மாற்றாமல் அவரோடு பேசுங்கள். ஒரு மாதம் சிகிச்சைக்கு நின்றால் வேறொரு டிரைவரை வைத்து வேன் ஓடட்டும், திரும்பி வரும்போது அவருடைய பிள்ளைகள் அவருக்கே என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கு இருந்தால் அவர் மறைக்க மாட்டார். அவர் மறைக்காமல் இருப்பதுதான் நம்ம பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. லைசன்ஸுக்கு மெடிக்கல் எடுத்த நாளில் இருந்த முழங்கால் அடுத்த மெடிக்கல் வரைக்கும் அப்படியே இருக்காது.

பள்ளி நிர்வாகங்களே, தொழில் உபகரணத்துக்கு உதவுகிற பைத்துஸ் ஸகாத்கள் சில ஊர்களில் இருக்கின்றன. தையல் மெஷின் கொடுக்கிறோம். சிகிச்சைக்கு வழியில்லாத ஒரு ஏழை வேன் டிரைவருக்கு இதே வகையில் கைகொடுக்கலாமா என்று ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தனக்கும் தீங்கு இல்லாமல் பிறருக்கும் தீங்கு இல்லாமல் வாழ்வது நமக்குச் சொல்லித் தரப்பட்ட அடிப்படை. பாதையிலும் அதுதான்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்து, ஏதாவது ஒரு வழி பலன் தந்திருந்தால் கொமன்ட்டில் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். எங்கள் எல்லோருடைய மூட்டுகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தரட்டும்.

வஸ்ஸலாம்.