கல்யாணச் சோறும் ஆட்டு வயிறும்!

கல்யாண வீட்டில் மீந்த சோற்றைக் கொட்ட மனசு வராது. 'பாவம், ஆடாவது தின்னட்டும்' என்று அன்னக்கூடையோடு தூக்கி வைத்துவிடுவார்கள். அதுவும் ஆசை ஆசையாகத் தின்னும். மறுநாள் காலையில் பார்த்தால் வயிறு உப்பி, அசை போடாமல், தலையைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கும். 'யார் கண்ணு பட்டுச்சோ' என்று வீடே புலம்பும். கண் எல்லாம் படவில்லை, சோறுதான் காரணம்.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. அதில் பெரிய அறை முழுக்கக் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. ஆடு தின்னும் தழையில் முதல் பந்தி இவற்றுக்குத்தான். இவை நொதிக்க வைத்துக் கொடுப்பதுதான் ஆட்டுக்குச் சத்து.

சோறு, அரிசி, மாவு போன்றவை திடீரென்று அதிகமாகப் போனால், அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அமிலம் ஏறினால், நாரைச் செரிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிரிகள் மடிந்துபோகும். ஓரிரு நாளில் ஆட்டின் உயிருக்கே ஆபத்து.

இப்போது மருந்துக் கடைகளில் ஆட்டுக்கான 'புரோபயாடிக்' கிடைக்கிறது. லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் கலந்த பொடி அது. ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு, சந்தையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்த களைப்பில், தீவனம் மாற்றும் நாட்களில் இது கைகொடுக்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பது நல்லது. வெந்நீரில் கலக்கவே கூடாது. உள்ளே இருக்கும் உயிர்கள் செத்துவிடும்.

ஆனால், சோறு தின்று படுத்துவிட்ட ஆட்டை இந்தப் பொடி மட்டும் எழுப்பிவிடாது. அது அவசர சிகிச்சைக்கான நேரம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். தேவைப்பட்டால், நல்ல நிலையில் உள்ள வேறொரு ஆட்டின் வயிற்றுச் சாற்றைப் புகட்டும் சிகிச்சைகூட உண்டு. இயற்கையான புரோபயாடிக் அதுதான்! அதேபோல, துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசிதான் காவல்; பொடி அதற்கு ஈடாகாது.

தினமும் மூன்று விஷயங்களைக் கவனித்தாலே போதும். ஆடு படுத்து அசை போடுகிறதா? புழுக்கை உருண்டை உருண்டையாக விழுகிறதா? இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கை வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது வயிறு அசைவது தெரிகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாளாவது எடுத்துக்கொள்ள வேண்டும். தழையும் காய்ந்த புல்லும் எப்போதும் இருக்கட்டும்.

பல வீடுகளில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு நம்பியிருப்பது கொட்டிலில் நிற்கும் அந்த ஆட்டைத்தான். அடுத்த விசேஷத்தில் சோறு மீந்தால், அன்னக்கூடையை ஆட்டுக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்!